பாரிஸில் கார் எடுத்து ரோமில் விடலாமா? நான்கு நாட்டுப் பயணத்துக்கு யோசனை சொல்லுங்கள்

தூரதேசி:

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பர் கடைசியில் குடும்பத்தோடு ஐரோப்பா போகிறோம், நான், மனைவி, அப்பா, அம்மா, ஆறு வயது மகள். பயணம் மூன்று வாரம், கொஞ்சம் முன்பின் இருக்கும். பாரிஸில் இறங்கி, சுவிட்சர்லாந்தில் இன்டர்லாக்கன் பக்கம், அங்கிருந்து ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ரூக், அப்புறம் இத்தாலிக்குள் டோலமைட்ஸ் மலை, ஃபுளோரன்ஸ், கடைசியில் ரோமில் விமானம் ஏறுவதாகத் திட்டம். பெரியவர்களை வைத்துக்கொண்டு பெட்டிகளோடு ரயில் மாறி ரயில் ஏறுவது கஷ்டம் என்று கார் வாடகைக்கு எடுக்கலாம் என நினைக்கிறேன். எனக்கு ஓட்டவும் பிடிக்கும், அதையும் மறைக்கவில்லை.

இணையத்தில் தேடிப் பார்த்தால் தலை சுற்றுகிறது. பாரிஸில் எடுத்து பாரிஸிலேயே விடுவதாகப் போட்டால் வாடகை நியாயமாகத்தான் காட்டுகிறது, விடும் இடத்தை ரோம் என்று மாற்றிய உடனே தொகை இரண்டு மடங்குக்கு மேல் எகிறுகிறது. எல்லாம் ஷெங்கன்தானே, எல்லையில் நிறுத்துவதுகூடக் கிடையாது என்கிறார்கள், அப்புறம் ஏன் இப்படி? இதைத் தவிர்க்க வழி இருக்கிறதா? நெடுஞ்சாலை ஸ்டிக்கர், இன்சூரன்ஸ், லைசென்ஸ் விஷயத்தில் என்னென்ன பார்க்க வேண்டும்? ஐரோப்பாவுக்கு வெளியே எடுத்த லைசென்ஸ்தான் எங்களிடம் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

மலைரோடு:

எல்லை இல்லை என்பது உங்களுக்கு, காருக்கு அல்ல. பிரான்ஸ் நம்பர் பிளேட் போட்ட கார் ரோமில் நின்றால் அந்த நிறுவனம் அதை இத்தாலியில் வைத்து ஆண்டு முழுக்க வாடகைக்கு விட முடியாது, பதிவு, வரி, இன்சூரன்ஸ் எல்லாமே பிரான்ஸில் இருக்கிறது. யாராவது ஒருவர் அதைத் திரும்ப ஓட்டிக்கொண்டு போக வேண்டும், அல்லது லாரியில் ஏற்ற வேண்டும். அந்தச் செலவைத்தான் உங்கள் தலையில் கட்டுகிறார்கள். பேரம் பேசிக் குறைக்கிற சமாச்சாரம் இல்லை இது.

தீர்வு ரொம்ப எளிது. எந்த நாட்டில் எடுக்கிறீர்களோ அதே நாட்டில் விடுங்கள், நடுவில் எத்தனை நாடு வேண்டுமானாலும் போய் வாருங்கள் (ஒப்பந்தம் அனுமதித்தால். அதை வேறு யாராவது சொல்வார்கள், நான் பாதையை மட்டும் சொல்கிறேன்). ஒரே நாட்டுக்குள் ஓர் ஊரில் எடுத்து இன்னோர் ஊரில் விடுவதற்குப் பெரும்பாலும் சின்னத் தொகைதான், சில இடத்தில் அதுவும் இல்லை.

உங்கள் விஷயத்தில் பாரிஸுக்கு கார் எதற்கு? அந்த ஊரில் காரை ஓட்டுவதைவிட அதை நிறுத்த இடம் தேடுவதுதான் பெரிய வேலை. பாரிஸை மெட்ரோவில் சுற்றி முடித்துவிட்டு மிலானுக்கு விமானமோ ரயிலோ பிடியுங்கள். மிலான் மால்பென்சா விமான நிலையத்தில் கார் எடுங்கள். அங்கிருந்து டோமோடோசோலா வழியாக சிம்ப்ளோன் கணவாய் ஏறினால் சுவிட்சர்லாந்து, பிரிக் ஊரில் இறங்குவீர்கள். இன்டர்லாக்கனில் தங்கிவிட்டு லூசர்ன், சூரிச் பக்கமாக வந்து லீக்டன்ஸ்டைனைக் குறுக்கே கடந்து ஆஸ்திரியாவுக்குள் நுழையலாம் (கணக்கில் இல்லாத ஐந்தாவது நாடு, இலவசம், அங்கே நெடுஞ்சாலையே கிடையாது). ஆர்ல்பெர்க் வழியாக இன்ஸ்ப்ரூக், பிரென்னர் வழியாகத் திரும்ப இத்தாலி, டோலமைட்ஸ், வெரோனா, ஃபுளோரன்ஸ். ஃபுளோரன்ஸிலேயே காரை விட்டுவிடுங்கள். ரோமுக்கு அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான், அந்த ஒரே ஒரு ரயில் ஏறுவதற்கு அப்பா அம்மாவுக்குச் சிரமம் இருக்காது. கார் இத்தாலியில் எடுத்து இத்தாலியில் விட்டதாக ஆகிவிடும், இரண்டு மடங்கு பிரச்சினை தீர்ந்தது.

ரயில்பூச்சி:

நான் ரயில் கட்சி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்டர்லாக்கனில் கார் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? லாட்டர்புருன்னனோடு கார் ரோடு முடிந்த மாதிரிதான், வெங்கனும் மூரனும் கார் இல்லாத ஊர்கள், கேபிள் காரோ மலை ரயிலோதான் ஏற வேண்டும். காரை கீழே கட்டணம் கட்டி நிறுத்திவிட்டு அதற்கு மேல் ரயிலுக்கும் காசு கொடுப்பீர்கள். டோலமைட்ஸுக்கு மட்டும் கார் வேண்டும் என்றால் ஒத்துக்கொள்கிறேன், அங்கே பஸ் இருந்தாலும் பெரியவர்களுக்கு அலைச்சல். வெரோனாவில் எடுத்து வெரோனாவில் விட்டால் போதும்.

எப்படியும் கார்தான் என்பவர்களுக்கு ஒரு வழி: நாட்டு எல்லை வரை ஒரு காரில் போய் விட்டுவிட்டு, எல்லையை ரயிலிலோ டிராமிலோ தாண்டி, அந்தப் பக்கம் வேறு கார் எடுப்பது. பிரான்ஸ் காரை நீஸில் விட்டால் வென்டிமிலியாவுக்குக் கடலோர ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், இத்தாலி ஆரம்பம். சுவிட்சர்லாந்தின் பாசல் ஊரின் 8ஆம் நம்பர் டிராம் ஜெர்மனியின் வைல் ஆம் ரைன் வரைக்கும் ஓடுகிறது, 2014 டிசம்பரிலிருந்து. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்குக்குப் பக்கத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஃப்ரைலாசிங் ஜெர்மனியில் இருக்கிறது, ரயிலில் பத்து நிமிடம்கூட இல்லை. ஆனால் சின்ன ஊர் வாடகை அலுவலகங்கள் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும், சனிக்கிழமை மதியத்தோடு கதவைச் சாத்திவிடுவார்கள், மதிய உணவுக்கும் இரண்டு மணி நேரம் பூட்டுவார்கள். நேரம் பார்த்துப் போகவில்லை என்றால் பெட்டியோடு தெருவில் உட்கார வேண்டியதுதான்.

கணக்குப்பிள்ளை:

பாதையெல்லாம் சரி, ஒப்பந்தத்தைப் படிக்காமல் யாரும் பணம் கட்டாதீர்கள். பதிவு செய்யும் பக்கத்தில் சின்ன எழுத்தில் எல்லை தாண்டுவது பற்றி ஒரு பிரிவு இருக்கும், அதைத்தான் முதலில் திறக்க வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் நாடுகளை அடுக்கு அடுக்காகப் பிரித்து வைத்திருக்கும். மேற்கு ஐரோப்பா ஓர் அடுக்கு, அதில் பிரச்சினை வராது. கிழக்கே போகப் போகத் தனி அனுமதி, தனிக் கட்டணம். அல்பேனியா, கொசோவோ பக்கம் போக நிறையப் பேர் விடவே மாட்டார்கள். ஜெர்மனியில் பென்ஸ், பிஎம்டபிள்யூ மாதிரி விலை உயர்ந்த கார் எடுத்தால் அதை இத்தாலிக்குக் கொண்டு போகக்கூடாது என்று நிபந்தனை போடும் நிறுவனங்கள் உண்டு, திருட்டு பயம். சொல்லாமல் கொண்டு போனால் என்ன தெரியும் என்று நினைக்க வேண்டாம். வண்டியில் ஜிபிஎஸ் இருக்கும், அது போகட்டும், அனுமதி இல்லாத நாட்டில் இடித்தால் இன்சூரன்ஸ் செல்லாது, மொத்தக் காரின் விலைக்கும் நீங்கள் பொறுப்பு. பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

கிரெடிட் கார்டு யார் ஓட்டுகிறார்களோ அவர் பேரிலேயே இருக்க வேண்டும். மனைவி கார்டு, அப்பா கார்டு எதுவும் செல்லாது, பணம் கட்டிய பதிவையே ரத்து செய்து திருப்பி அனுப்பிவிடுவார்கள். டெபிட் கார்டையும் பல கவுன்டர்களில் வாங்க மாட்டார்கள், அல்லது அவர்களுடைய முழு இன்சூரன்ஸை வாங்கினால்தான் ஒத்துக்கொள்வார்கள். கார்டில் சில நூறு யூரோவிலிருந்து ஆயிரத்துக்கு மேல் வரை முடக்கி வைப்பார்கள், காரைப் பொறுத்து. ஹோட்டல் செலவுக்கும் அதே கார்டை நம்பியிருந்தால் லிமிட் போதுமா என்று முன்பே பாருங்கள்.

இன்சூரன்ஸ் விஷயம் இதுதான். அடிப்படை இன்சூரன்ஸ் வாடகையிலேயே சேர்ந்து வரும், ஆனால் சேதம் ஆனால் முதல் இவ்வளவு தொகை உங்களுடையது என்று ஒரு வரம்பு இருக்கும், அதை எக்செஸ் என்பார்கள். கவுன்டரில் நிற்பவர் அதைப் பூஜ்யமாக்க நாளுக்கு இவ்வளவு என்று ஒன்றை விற்பார், சில சமயம் அது வாடகையையே தொட்டுவிடும். இதையே வெளி இன்சூரன்ஸ் நிறுவனங்கள் அதில் ஒரு பங்கு விலைக்குத் தருகின்றன, எக்செஸ் காப்பீடு என்று தேடினால் வரும். வித்தியாசம் என்னவென்றால், வெளியே வாங்கினால் சேதத்துக்கு முதலில் நீங்கள் வாடகை நிறுவனத்துக்குக் கட்டிவிட்டு, பிறகு பில், ஒப்பந்தம் எல்லாம் அனுப்பித் திரும்ப வாங்க வேண்டும். டெபாசிட் முடக்கமும் அப்படியே இருக்கும். கையில் கார்டு லிமிட் இருப்பவர்களுக்கு இது நல்லது, இல்லாதவர்கள் கவுன்டரிலேயே வாங்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். எதை வாங்கினாலும் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம், கூரை, கிளட்ச் இதெல்லாம் அதில் அடங்குமா என்று பாருங்கள், அடிப்படை இன்சூரன்ஸில் இவை பெரும்பாலும் அடங்காது. கணவாய் ரோட்டில் கல் தெறித்துக் கண்ணாடியில் புள்ளி விழுவது சர்வ சாதாரணம்.

அடுத்தது போட்டோ. கார் நிற்பது பெரும்பாலும் நிலத்தடி பார்க்கிங்காக இருக்கும், வெளிச்சம் மங்கல், கழுவிய ஈரம் வேறு காயாமல் இருக்கும், அந்த ஈரத்தில் கீறல் தெரியாது. போன் டார்ச்சைப் போட்டு நாலு சக்கரத்தின் ரிம்மையும் குனிந்து பாருங்கள், ஓரத்தில் நடைபாதைக் கல்லில் உரசிய வெள்ளைக் கோடு இருக்கும். முன் பம்பரின் அடி விளிம்பைக் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். முன்கண்ணாடி, பக்கக் கண்ணாடி, டேஷ்போர்டில் கிலோமீட்டரும் எரிபொருள் முள்ளும், எல்லாவற்றையும் ஒரே வீடியோவாக எடுங்கள். அவர்கள் தரும் தாளில் இல்லாத கீறல் இருந்தால் திரும்பக் கவுன்டருக்குப் போய் எழுதி வாங்காமல் வண்டியை நகர்த்தக் கூடாது. எனக்கு ஒரு நிறுவனம் காரை விட்டுப் பல வாரம் கழித்து ரிம் கீறல் என்று பில் அனுப்பியது. எடுத்த அன்றைக்கே எடுத்த வீடியோவை அனுப்பினேன், பதில் கடிதமே வரவில்லை, பணமும் பிடிக்கவில்லை. விடும்போதும் இதே மாதிரி எடுங்கள், சாவியைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போகச் சொன்னால் கண்டிப்பாக.

லைசென்ஸ்: சர்வதேச ஓட்டுநர் அனுமதி, கிளம்புவதற்கு முன் உங்கள் நாட்டிலேயே எடுத்து வாருங்கள், இங்கே வந்து எடுக்க முடியாது. இத்தாலி, ஆஸ்திரியா இரண்டிலும் ஐரோப்பாவுக்கு வெளியே வாங்கிய லைசென்ஸோடு அதுவும் வேண்டும். அசல் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும், அனுமதி மட்டும் தனியாகச் செல்லாது.

தூரதேசி:

அடேயப்பா, இவ்வளவு விளக்கம் எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. மலைரோடு சொன்ன மிலானிலிருந்து ஃபுளோரன்ஸ் வட்டம் வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. போட்டுப் பார்த்தேன், நாடு தாண்டி விடும் கட்டணம் முழுசாகக் காணாமல் போய்விட்டது. ரயில்பூச்சி சொன்னதும் புரிகிறது, லாட்டர்புருன்னனில் காரை நிறுத்திவிட்டு மேலே ரயிலில் போகிறோம்.

இப்போது இரண்டு சந்தேகம். ஒன்று, சுவிஸ் ஆஸ்திரியா ஸ்டிக்கர், இத்தாலி காருக்கு இருக்காது இல்லையா, எங்கே எப்படி வாங்குவது? இரண்டு, மலைக் கணவாய் ஓட்டுவது பயமா? எனக்கு மலை ரோடு பழக்கம் உண்டு, ஆனால் வலது பக்கம் ஓட்டிப் பழக்கம் இல்லை.

அல்ப்ஸ்காரன்:

இது என் ஏரியா. சுவிஸ் நெடுஞ்சாலையில் ஏற நீங்கள் கேட்ட ஸ்டிக்கர் வேண்டும், அதற்குப் பெயர் விக்னெட். ஆண்டுக்கு ஒன்றுதான், ஒரு நாள் போனாலும் 40 ஃபிராங்க், குறைந்த நாளுக்கென்று தனியாகக் கிடையாது. 2023 ஆகஸ்டிலிருந்து மின் விக்னெட்டும் உண்டு, கார் நம்பரோடு இணைந்தது, அரசாங்கத்தின் தளத்தில் வாங்கலாம். மற்ற தளங்கள் அதையே கூடுதல் விலைக்கு விற்கும், ஏமாற வேண்டாம். நம்பர் காரை வாங்கிய பிறகுதான் தெரியும் என்பதால் பார்க்கிங்கிலேயே போனில் வாங்கிவிடுங்கள். அதற்கு முன் கண்ணாடியில் ஏற்கெனவே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், மிலான் பக்கத்துக் கார்களில் சில சமயம் அந்த அதிர்ஷ்டம் அடிக்கும். ஸ்டிக்கராக வாங்கினால் ஒட்ட வேண்டும், டேஷ்போர்டில் சும்மா வைத்தால் செல்லாது. இல்லாமல் மாட்டினால் 200 ஃபிராங்க் அபராதம், அதோடு விக்னெட்டும் வாங்க வேண்டும்.

ஆஸ்திரியாவில் பத்து நாள் விக்னெட் உண்டு, 12 யூரோவுக்குக் கொஞ்சம் மேலே. எல்லைக்கு முன்னால் இருக்கும் பெட்ரோல் பங்குகளிலேயே விற்பார்கள். ஆனால் அதை வாங்கிவிட்டால் எல்லா ரோடும் அடங்கும் என்று நினைக்காதீர்கள். ஆர்ல்பெர்க் சுரங்கத்துக்குத் தனி டோல், இன்ஸ்ப்ரூக்கிலிருந்து பிரென்னர் ஏறும் ஏ13 நெடுஞ்சாலைக்கும் தனி டோல், ஒவ்வொன்றும் 12 யூரோ அளவில் வரும். அந்த ஏ13இல் லூக் பாலத்தில் வேலை நடப்பதால் 2025 ஆரம்பத்திலிருந்து அங்கே பக்கத்துக்கு ஒரு தடமாகக் குறைத்திருக்கிறார்கள், வார இறுதியில் நீளமாக வண்டி தேங்கும். வாரநாள் காலையில் கடந்துவிடுங்கள். இன்ஸ்ப்ரூக்கைச் சுற்றிய இன் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலையில் காற்று மாசு காரணமாக 100தான் வேகம், 130 என்று நினைத்து மிதித்தால் கேமரா பிடிக்கும். சுவிஸில் 120, அங்கே ஐந்து கிலோமீட்டர் கூடினாலும் விட மாட்டார்கள்.

கணவாய் பற்றி. சிம்ப்ளோன் 2005 மீட்டர், நல்ல அகலமான ரோடு, அப்பா அம்மாவுக்கு வயிற்றைப் புரட்டாது. பிரிக்கிலிருந்து இன்டர்லாக்கன் போக இரண்டு வழி. கிரிம்செல் கணவாய் வழியாகப் போனால் 2164 மீட்டர், கொண்டை ஊசி வளைவுகள், இரண்டு பக்கமும் வழுவழுப்பான பாறை, நடுவில் அணைக்கட்டு ஏரி, அற்புதமான ரோடு. செப்டம்பர் கடைசியில் பொதுவாகத் திறந்திருக்கும், ஆனால் திடீர்ப் பனி விழுந்தால் மூடுவார்கள், காலையில் கணவாய் நிலவரம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மூடியிருந்தால் கவலை இல்லை, பிரிக்குப் பக்கத்தில் கோப்பென்ஸ்டைன் ஊரில் காரை அப்படியே ரயிலில் ஏற்றலாம். நீங்கள் காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்க, ரயில் சுரங்கத்துக்குள் இழுத்துக்கொண்டு போய் பதினைந்து நிமிடத்தில் மலைக்கு அந்தப் பக்கம் கண்டர்ஸ்டெக்கில் இறக்கிவிடும். வானிலை நன்றாக இருந்தாலும் உங்கள் மகளுக்காகவே இதில் போகலாம் என்பேன்.

நீல நிறத்தில் மஞ்சள் ஊதுகொம்பு போட்ட பலகை பார்த்தால் அது தபால் பஸ் ஓடும் மலை ரோடு. பஸ் எதிரே வந்தால் அந்த டிரைவர் கை காட்டுகிறபடி ஒதுங்கவோ பின்னால் போகவோ வேண்டும். இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராமல் இரண்டாம் கியரில் இறங்குங்கள், ஐந்து பேரும் பெட்டிகளும் இருக்கும் வண்டியில் பிரேக் சீக்கிரம் சூடாகி வாசனை அடிக்கும். வலது பக்கம் ஓட்டும் பழக்கம் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும், பிரச்சினை காலையில் பெட்ரோல் பங்கிலிருந்தோ ஹோட்டல் வாசலிலிருந்தோ வெளியே திரும்பும் நேரத்தில்தான். வேறு வண்டியே இல்லாத ரோட்டில் மூளை பழைய பக்கத்துக்குப் போய்விடும். பக்கத்தில் உட்காருபவர் ஒவ்வொரு முறையும் "வலது" என்று வாய்விட்டுச் சொல்லட்டும். புது இடத்தில் கிளட்சோடும் மல்லுக்கட்டாமல் ஆட்டோமேட்டிக் எடுங்கள், இங்கே அது விலை அதிகம், எண்ணிக்கை குறைவு, சீக்கிரமே பதிவு செய்யுங்கள்.

ஸ்டெல்வியோ கணவாயை யாராவது போகச் சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவு, உயரம் 2757 மீட்டர், வளைவுக்கு வளைவு சைக்கிள்காரர்களும் பைக்காரர்களும். தனியாக வரும்போது போங்கள்.

மலைரோடு:

இத்தாலிக்குள் இரண்டு விஷயம் தெரியாமல் போனால் ஆறு மாதம் கழித்தும் வீட்டுக்குக் கடிதம் வரும்.

முதலாவது இசட்.டி.எல். பழைய நகரின் நடுப்பகுதியில் உள்ளூர்க்காரர்கள் அல்லாத வண்டி நுழையக்கூடாத பகுதி. ஃபுளோரன்ஸ், சியனா, பீசா, வெரோனா, ரோம், எல்லா இடத்திலும் இருக்கிறது. தடுப்புக் கட்டை எதுவும் இருக்காது, வெள்ளையில் சிவப்பு வட்டம் போட்ட ஒரு பலகை, மேலே கேமரா, அவ்வளவுதான். மின் பலகையில் "வார்க்கோ ஆத்திவோ" என்று எரிந்தால் பகுதி இயங்குகிறது, நுழையாதீர்கள். கூகுள் மேப் இதை எப்போதும் ஒழுங்காகச் சொல்லும் என்று நம்ப முடியாது. ஒரே நாளில் இரண்டு கேமராவைத் தாண்டினால் இரண்டு அபராதம். வெளிநாட்டில் இருப்பவருக்கு நோட்டீஸ் அனுப்ப அவர்களுக்கு 360 நாள் அவகாசம் உண்டு, அதனால் ஊருக்குத் திரும்பி எல்லாம் மறந்த பிறகு வரும். அதற்கு முன்பே வாடகை நிறுவனம் உங்கள் விவரத்தைப் போலீசுக்குக் கொடுத்ததற்கென்று ஒரு தொகையைக் கார்டில் எடுத்துவிடும், அது அபராதம் அல்ல, அபராதம் தனி. நோட்டீஸ் கைக்குக் கிடைத்து ஐந்து நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் கழிவு. ஹோட்டல் அந்தப் பகுதிக்குள் இருந்தால் அவர்களிடம் கார் நம்பரைக் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள், எல்லா ஹோட்டலுக்கும் அந்த வசதி கிடையாது, பதிவு செய்யும் முன்பே கேளுங்கள். மிலானில் இது ஏரியா சி என்ற பெயரில் கட்டணமாக இருக்கிறது, 7.50 யூரோ, திங்கள் முதல் வெள்ளி வரை. நீங்கள் மால்பென்சாவிலிருந்து நேராக வடக்கே போவதால் அதைத் தொடவே வேண்டாம்.

ஃபுளோரன்ஸில் காரை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வாடகைக் கார் வளாகத்தில் விடுங்கள், ஊருக்குள் இருக்கும் அலுவலகம் வேண்டவே வேண்டாம். விமான நிலையத்திலிருந்து டி2 டிராம் ரயில் நிலையம் பக்கம் வரை போகிறது, அரை மணிக்குள். முதலில் ஹோட்டல் வாசலில் பெட்டியையும் பெரியவர்களையும் இறக்கிவிட்டுப் பிறகு காரை விடலாம் என்று தோன்றும், அந்த ஹோட்டல் இசட்.டி.எல்லுக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தோன்றட்டும்.

இரண்டாவது டோல். இத்தாலி நெடுஞ்சாலையில் ஏறும்போது சீட்டு எடுத்து இறங்கும்போது கட்ட வேண்டும். மஞ்சள் நிறத்தில் டெலிபாஸ் மட்டும் என்று எழுதிய தடத்துக்குள் போகாதீர்கள், அது டோலைத் தானாகக் கட்டும் கருவி வைத்த வண்டிகளுக்கு. நோட்டும் நாணயமும் வரைந்த பலகை அல்லது கார்டு வரைந்த நீலப் பலகை இருக்கும் தடத்துக்குப் போங்கள். தப்பான தடத்தில் மாட்டினால் பின்னால் எடுக்கவே கூடாது, பொத்தானை அழுத்தினால் கதவைத் திறந்து ஒரு சீட்டு துப்பும், அதைப் பதினைந்து நாளுக்குள் கட்டிவிட்டால் போதும். அதே நெடுஞ்சாலைகளில் சராசரி வேகத்தைக் கணக்கிடும் கேமரா இருக்கிறது, கேமராவுக்கு முன்னால் மட்டும் பிரேக் போடும் தந்திரம் செல்லாது. மழை பெய்தால் 130 இல்லை, 110.

பெட்ரோல் பங்கில் "செல்ஃப்" என்று எழுதிய பக்கம் போங்கள், ஆள் வந்து போடும் பக்கம் லிட்டருக்கு விலை கூட. காரின் டேங்க் மூடியிலும் பம்பிலும் ஒரே குறி இருக்கும், பெட்ரோலுக்கு வட்டம், டீசலுக்குச் சதுரம், ஐரோப்பா முழுக்க இப்படித்தான், பெயர் குழப்பினால் இதைப் பாருங்கள். ஆளில்லாத பங்கில் கார்டு போட்டால் போடும் பெட்ரோலைவிடப் பெரிய தொகையைச் சில நாள் முடக்கி வைக்கும், பயப்பட வேண்டாம், திரும்பிவிடும்.

பார்க்கிங் கோட்டு நிறம் எல்லை தாண்டியதும் மாறும். இத்தாலியில் வெள்ளைக் கோடு இலவசம், நீலம் கட்டணம், மஞ்சள் அங்கே குடியிருப்போருக்கு. சுவிஸில் அதே நீலம், வந்த நேரத்தைக் காட்டும் கடிகார அட்டையைக் கண்ணாடிக்குள் வைத்து நிறுத்தும் இடம், வெள்ளைக்குப் பெரும்பாலும் காசு, மஞ்சள் தனியாருக்கு.

சிவப்புப்பிளேட்:

இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்களுக்குப் பிரெஞ்சு கார் கம்பெனிகள் புதுக் காரையே குறுகிய காலத்துக்கு லீசுக்குத் தருவது உண்டு. சிவப்பு நம்பர் பிளேட்டோடு வரும், குறைந்தது 21 நாள் எடுக்க வேண்டும், இன்சூரன்ஸில் எக்செஸ் கிடையாது, நிறைய நாடுகளுக்குப் போகலாம். பிரான்ஸுக்குள் எடுத்து பிரான்ஸுக்குள் விட்டால் மலிவு, வெளியே எடுத்தால் தனிக் கட்டணம். தூரதேசிக்கு இது பொருந்தாது, கார் தேவைப்படும் நாள் அவ்வளவு இல்லை. ஒரு மாதம் சுற்றுகிறவர்கள் வாடகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தூரதேசி:

கடைசியாக ஒன்று. குழந்தை சீட் நாளுக்கு இவ்வளவு என்று போட்டால் சீட்டின் விலையே வந்துவிடும் போலிருக்கிறது. அப்புறம் கார் எந்த அளவு எடுப்பது? படத்தில் காட்டும் காரில் ஐந்து பேர் உட்காரலாம் என்று இருக்கிறது, நான்கு பெரிய பெட்டி போகுமா? அப்பாவும் கொஞ்சம் ஓட்ட ஆசைப்படுகிறார், வயது 71.

கணக்குப்பிள்ளை:

சீட்டைக் கையோடு கொண்டு வாருங்கள், இத்தாலியில் 150 சென்டிமீட்டருக்குக் குறைவான குழந்தைக்குக் கண்டிப்பாக வேண்டும். ஐரோப்பிய அனுமதி முத்திரை உள்ள பூஸ்டராக இருக்கட்டும்.

ஐந்து பேர், நான்கு பெரிய பெட்டி என்றால் சாதாரண கார் டிக்கியில் இரண்டு போனால் அதிகம். பின்பக்கம் நீண்ட ஸ்டேஷன் வேகன் எடுங்கள், அல்லது ஏழு சீட் வண்டி எடுத்து மூன்றாம் வரிசையை மடக்கிவிடுங்கள். படத்தில் இருக்கும் கார்தான் வரும் என்று இல்லை, "அல்லது அதைப்போன்றது" என்று எழுதியிருப்பார்கள். பெட்டியை மேலே சீட்டில் தெரிகிற மாதிரி வைத்துவிட்டு ஊருக்குள் நிறுத்தாதீர்கள், நெடுஞ்சாலை ஓய்விடத்தில்கூட.

அப்பா விஷயம்: கூடுதல் ஓட்டுநர் பெயரைக் கவுன்டரில் எழுத வேண்டும், நாளுக்கு ஒரு கட்டணம் வரும், அவருக்கும் சர்வதேச அனுமதி வேண்டும். சில நிறுவனங்கள் மேல் வயது வரம்பு வைத்திருக்கின்றன, பதிவு செய்யும் முன் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். பெயர் எழுதாமல் ஐந்து நிமிடம் ஓட்டக் கொடுத்தாலும் அந்த ஐந்து நிமிடத்துக்கு இன்சூரன்ஸ் இல்லை.

தூரதேசி:

அப்பாவிடம் சொன்னேன். வரைபடம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ ஓட்டு என்றுவிட்டார். மால்பென்சாவில் ஆட்டோமேட்டிக் ஸ்டேஷன் வேகன் பதிவு செய்துவிட்டேன், சுவிஸும் ஆஸ்திரியாவும் அனுமதி என்று எழுத்தில் வந்திருக்கிறது. வெளி இன்சூரன்ஸ் தேடிக்கொண்டிருக்கிறேன், அதில் டயர் கண்ணாடி அடங்கும் ஒன்று கிடைத்தால் இங்கேயே எழுதுகிறேன்.